சுலக்ஷனாவின் பரீட்சைக்கு ஷெரோமியின் கை

ஷெரோமிக்கு வாய் சும்மா இருக்காது. யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் போதும், தலைக்கயிற்றைக் கழற்றிக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திருத்தப் போய்விடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சுவாமியார் வாசகத்தில் ஒரு வரியை விட்டுப் படித்தபோது, பின்வரிசை வாங்கிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். பூண்டுலோயாவுக்கு மேலே, அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அவளுக்குப் பக்கத்து நிரையை எடுக்கவே யோசிப்பார்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் மூன்று மணி நேரத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு எழுதச் சொன்னார்கள்.

எழுத வேண்டியது லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராச் சுலக்ஷனாவின் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையை. சுலக்ஷனாவுக்குப் பிறவியிலேயே மூளைவாதம். கால் ஊன்றாது, விரல்கள் மடங்கி இறுகிவிடும், பேச்சு குழறும். ஆனால் படித்தது ஒன்றும் தலையை விட்டுப் போகாது. பாடசாலையின் விசேட கல்வி அலகுக்குப் பொறுப்பான மார்கிரட் டீச்சர் இரண்டு வருடம் கடிதம் எழுதி, அலுவலகப் படியேறி, தனி அறை, கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் என்று அனுமதி வாங்கி வந்தார். அந்த ஆள் ஓ.எல். சித்தியடைந்தவராக இருக்கக் கூடாது என்று கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது.

அங்கேதான் சிக்கல். நன்றாக எழுதக்கூடியவர்கள் ஓ.எல். முடித்தவர்கள். முடிக்காதவர்களுக்குச் சுலக்ஷனாவின் பேச்சு விளங்காது. அவளுடைய அம்மா பூரணிக்கு விளங்கும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத வராது. மிஞ்சியது, சுவருக்கு இந்தப் பக்கம் பதினாறு வருடமாக அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த ஷெரோமி.

"டீச்சர், நான் ஒம்பதோட நின்னவ."

"அதனாலதான் நீங்க வேணும்."

"பாருங்களேன், நான் படிக்காம விட்டதும் ஒருத்தருக்கு ஒதவுது!"

டீச்சர் சிரிக்கவில்லை. "அவ சொல்றத மட்டும் எழுதணும். ஒரு சொல்லு கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. பிடிச்சாங்கன்னா அவ எழுதுன எல்லாப் பாடமும் போயிரும்."

செய்தி கொழுந்து மலைக்குப் போனதும், கூடப் பறிக்கும் மீனம்மா நிரைக்கு நிரை கேட்கும்படி சொன்னாள்: "ஷெரோமி வாய மூடுறதா? மலைதான் உருண்டு வரும்டி!"

முதல் நாளே ஷெரோமி அகப்பட்டுவிட்டாள். தமிழ்த் தாளில் சுலக்ஷனா "ஆகவே" என்று சொன்னதை, இன்னும் நன்றாக இருக்கட்டும் என்று "ஆதலால்" என்று எழுதினாள். சுலக்ஷனா தாளை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நான் 'ஆகவே'ன்னு சொன்னேன்."

ஷெரோமி வெட்டிவிட்டு எழுதினாள். காதுவரை சுட்டது. அதன் பிறகு ஒவ்வொரு விடைக்கும் முன்னால் "எழுதவா?" என்று மட்டும் கேட்பாள், சுலக்ஷனா "ம்" என்பாள், பேனா ஓடும்.

நாலாவது தாள் விவசாயம். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் வெளியூர்க்காரர், சுலக்ஷனா பேசுவதில் ஒரு சொல்லும் அவருக்குப் பிடிபடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பெருந்தோட்டங்களில் தேயிலைக் கன்றுகள் இன்று பெரும்பாலும் எதிலிருந்து உண்டாக்கப்படுகின்றன என்று ஒரு கேள்வி.

"விதையிலேருந்து," என்றாள் சுலக்ஷனா.

பேனா நின்றது. கன்று வளர்க்கும் தவறணையில் ஷெரோமி இரண்டு வருடம் வேலை செய்திருக்கிறாள். ஒரே ஓர் இலையோடு நறுக்கிய தண்டுத் துண்டுகளை, மண் நிரப்பிய பைகளில் எத்தனை ஆயிரம் குத்தியிருப்பாள்! தவறணை லயத்துக்குக் கீழே, செங்குத்தான படிகளுக்கு அப்பால். சுலக்ஷனாவை அங்கே யாரும் தூக்கிப் போனதில்லை. தேயிலைக்கு நடுவே பிறந்த பிள்ளைக்குத் தேயிலை எப்படிப் பிறக்கிறது என்று தெரியவில்லை.

ஒரு சொல். 'தண்டு' என்று எழுதினால் இந்த மனுஷருக்குத் தெரியாது. ஆனால் சுலக்ஷனா பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டால் அம்மா பதில் சொல்வாள். கடையில் கேட்டால் ஷெரோமியே முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அந்தப் பிள்ளை சொன்னது சொன்னபடி இருந்தது இந்த நாலு தாளில்தான்.

நாக்கைக் கடித்துக்கொண்டு, எப்போதும் கேட்கும் குரலிலேயே கேட்டாள்.

"எழுதவா?"

"ம்."

'விதை' என்று எழுதினாள்.

வாசலில் பூரணி குடையோடு நின்றாள். ஆட்டோ ஏறியதுமே ஷெரோமி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அடிப்பாவி!" என்றாள் பூரணி. "ஊருல உள்ளவன் தப்பையெல்லாம் திருத்துறவ, எம்புள்ள தப்ப மட்டும் வுட்டுட்டியா? ஒரு சொல்லு மாத்தி எழுதியிருந்தா யாருக்குடி தெரியும்?"

"இவளுக்குத் தெரியும்க்கா."

சுலக்ஷனா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்தான். ஆட்டோ இரண்டு வளைவு தாண்டியது.

"தெரிஞ்சுகிட்டே எழுதுனீங்களா?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆமா."

"மூஞ்சியக்கூட சுளிக்கல."

"சுளிச்சா அதுவும் சொல்லிக் குடுத்ததுதானேடி."

சுலக்ஷனா உள்பக்கம் திரும்பினாள். "தமிழ், கணக்கு எல்லாம் அப்ப நான் எழுதுனதுதான்," என்றாள், தனக்கே சொல்வதுபோல. பிறகு, "அந்தத் தவறணை எங்க இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஷெரோமி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்கால்களை அவள் பிடிக்க, பின்பக்கத்தைப் பூரணி பிடிக்க, சுலக்ஷனா ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினாள். மழையில் படிகள் வழுக்கின. பாதி வழியில் நாற்காலியை வைத்துவிட்டுப் பூரணி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒரு சொல்ல மாத்தியிருந்தா இன்னைக்கு எனக்கு இந்தக் கேடு உண்டா?"

கீழே, நிழல் வலைக்கு அடியில் வரிசை வரிசையாகப் பச்சைப் பைகள் தெரிந்தன. சுலக்ஷனா கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கிட்டப் போங்கம்மா," என்றாள். "இங்கேருந்து தண்டு தெரியல."