ஒரு பைக் அகலம்

வெக்ஸ்பி ரசிகர்களுக்கு டேரில் ஹோல்ட்பியை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவன் பைக்கை மோசமாக ஓட்டினான் என்பதல்ல காரணம். அவனுடைய வேனின் பின்கண்ணாடியில் ஹார்க்ஸ்டோ கிளப்பின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கால்வாயும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வயல்களும்தான். அந்த வயல்களைத் தாண்டி வருகிறவனை வெக்ஸ்பியில் யாரும் வாங்க என்று கூப்பிடுவதில்லை.

திங்கட்கிழமை மேல் டிவிஷனில் வெக்ஸ்பியின் பச்சைச் சட்டை. வெள்ளிக்கிழமை கீழ் டிவிஷனில் ஹார்க்ஸ்டோவின் கருஞ்சிவப்பு. விதி அனுமதிக்கிறது, நாட்டில் பாதி ரைடர்கள் இப்படித்தான் பிழைக்கிறார்கள். மற்ற நாட்களில் டேரில் ஒரு டயர் கடையில் லாரிச் சக்கரங்களைக் கழற்றி மாட்டுவான். பதினாறு வயதில் ஸ்பீட்வேக்கு, மண் தடத்தில் ஓடும் பைக் பந்தயத்துக்கு, வந்தவன். இரண்டு தோள்பட்டை எலும்புகளிலும் உலோகத் தகடு. மேல் டிவிஷன் அவனை ஏற்கெனவே இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் பாதியில் கழற்றிவிட்டிருந்தது. முப்பத்து மூன்று வயதில் வெக்ஸ்பி மூன்றாவது வாய்ப்பு. நாலாவது வராது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, தார்ன்மவுத் அணி வெக்ஸ்பிக்கு வந்திருந்தது. டேரிலின் வேன், பைக்குகளைத் தயார் செய்யும் பிட்ஸின் வாசலுக்குள் நுழையும்போதே, பேக்கரியில் வேலை செய்யும் மோரின் கம்பிவேலியில் சாய்ந்துகொண்டு கத்தினாள்.

"ஏய் வாடகை வண்டி! இன்னிக்கு எந்த ஊரு சட்டைன்னு பாத்துப் போட்டியா?"

"பச்சைதான் மோரின்," என்றான் டேரில்.

"உள்ள என்ன கலரு? அதைச் சொல்லு!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டேரிலின் மனைவியின் தம்பி ராய்ஸ்டன்தான் அவனுக்கு மெக்கானிக். அவன் வேனிலிருந்து பைக்கை இறக்கியபடியே, "அந்தம்மாவுக்குப் பதில் சொல்லாதீங்க மச்சான். பதில் சொன்னா டிக்கெட் காசு வசூலாயிடுச்சுன்னு நெனச்சுக்கும்," என்றான்.

கிளப் முதலாளி கெல்வின் ஆட்கின் அதற்குள் வந்துவிட்டார். கை கொடுக்கவில்லை. "டேரில், சுத்தி வளைக்க வேணாம். உன் எடத்துக்கு ஒரு போலந்துப் பையனைப் பேசி வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில ஒண்ணு அவனுக்கு போன் பண்ணுவேன், இல்ல பண்ண மாட்டேன். இன்னிக்கு நீ எப்படி ஓட்டுறேங்கறதப் பொறுத்தது."

"சரிங்க."

"அப்புறம், அந்த லக்லன் ப்ரூயிட். அவன் உன் ஃப்ரெண்டு தானே?"

"இல்லைங்க."

ஆட்கின் நம்பவில்லை. யாரும் நம்புவதில்லை. ஆஸ்திரேலியாக்காரன் லக்லன் திங்களில் தார்ன்மவுத்துக்காரன். வெள்ளியில் ஹார்க்ஸ்டோவில் டேரிலின் ஜோடி. ஒரு போட்டிக்குப் பதினைந்து ரேஸ். ஒவ்வொரு ரேஸிலும் அணிக்கு இரண்டு பேர், மொத்தம் நான்கு பேர், நான்கு சுற்று. டேரிலும் லக்லனும் சேர்ந்து வந்தால் முதலிரண்டு இடமும் ஹார்க்ஸ்டோவுக்குத்தான் என்று அந்த ஊரில் பந்தயம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அண்ணன் தம்பி போலத் தெரியும். உண்மையில் அவர்களுக்குள் ஒரு சீசன் முழுக்க ஒரே பேச்சுதான். ரேஸுக்கு முன் லக்லன் கேட்பான்: "உள்ளயா, வெளியயா?" டேரில் ஏதாவது ஒன்றைச் சொல்வான். அவ்வளவே. வந்த முதல் வாரமே லக்லன் பிட்ஸில் எல்லோர் காதிலும் விழும்படி, "இந்தக் கிழட்டு டிராக்டரோடயா என்னைச் சேத்தீங்க?" என்று கேட்டிருந்தான். டேரில் அதை மறக்கவில்லை. லக்லன் மன்னிப்புக் கேட்கவுமில்லை.

ஆனால் ஒன்றாக ஓட்டுவதற்குப் பிடித்திருக்க வேண்டியதில்லை, பழகியிருந்தால் போதும். டேரில் எப்போதும் கிளம்புவதில் வேகம். முதல் வளைவில் முன்னால் இருப்பான். லக்லன் பின்னாலிருந்து வேகம் கூட்டி வருவான். வளைவு முடியும் இடத்தில் டேரில் தன் பைக்கை உள்ளே பிடித்து வைத்து, வலப்புறம் வேலியோரம் சரியாக ஒரு பைக் அகலம் விடுவான். லக்லன் அதற்குள் புகுந்து போவான். பிரேக்கே இல்லாத வண்டியில், அந்த வேகத்தில், திரும்பிப் பார்க்க நேரமில்லை. சத்தம்தான். லக்லன் வளைவின் நடுவே ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் விட்டுப் பிடிப்பான், மூச்சை உள்ளிழுத்து விடுவது போல. அந்தச் சத்தம் கேட்டதும் டேரிலின் கை தானாக இடம் விடும்.

அன்று நாலாவது ரேஸில் அதுதான் நடந்தது.

கிளம்பும் கோட்டின் நாடா எழும்பியதும் டேரில் சிவப்பு ஹெல்மெட்டில் முதலில் பாய்ந்தான். முதல் மூன்று சுற்றிலும் முன்னால் இருந்தான். வெக்ஸ்பி கூட்டம் அவனுக்காகக் கத்தவில்லை, ஆனால் திட்டுவதை நிறுத்தியிருந்தது. கடைசிச் சுற்றின் இரண்டாவது வளைவில், வலக்காதுக்குப் பின்னால் அந்தச் சத்தம். விட்டுப் பிடித்த மூச்சு. அவன் கை பைக்கை உள்ளே இழுத்தது. வேலியோரம் ஒரு பைக் அகலம் திறந்தது. அதற்குள் வெள்ளை ஹெல்மெட் போட்ட லக்லன், எதிரணி லக்லன், புகுந்து போனான்.

அவன் முதுகைப் பார்த்த பிறகுதான் டேரிலுக்கு இன்று திங்கட்கிழமை என்பது உறைத்தது.

பிட்ஸுக்குத் திரும்பும்போது வேலியருகே பீர் கிளாஸ் ஒன்று வந்து விழுந்தது. மோரின் ஏர் ஹார்னைக் கீழே வைத்துவிட்டு, வெறும் தொண்டையால் கத்தினாள். "வித்துட்டான்! எங்க கண்ணு முன்னாடி கதவைத் தொறந்து விட்டுட்டான்! போடா உன் ஊருக்கு!"

எதிர்ப் பக்கத்துப் பிட்ஸிலிருந்து லக்லன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "தேங்க்ஸ் டிராக்டர்! வெள்ளிக்கிழமை டீ வாங்கித் தர்றேன்!" என்றான்.

ஆட்கின் ராய்ஸ்டனை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். "எவ்வளவுக்குடா?"

"தெரியாம பண்ணிட்டேங்க. பழக்கம்..."

"பழக்கமா? ஏன்டா, என் சட்டையைப் போட்டுக்கிட்டு அவனுக்கு வழி விடறது பழக்கமா?" அவர் குரலைத் தாழ்த்தினார், அது கத்தியதைவிட மோசமாக இருந்தது. "பதிமூணாவது ரேஸ்ல மறுபடி அவனும் நீயும். அதுவரைக்கும் போனைக் கையில எடுக்க மாட்டேன்."

அவர் போன பிறகு ராய்ஸ்டன் செயினைச் சரிபார்த்தபடி குனிந்தே இருந்தான். "மச்சான், அவன் மறுபடி அதே எடத்துக்குத்தான் வருவான்."

"தெரியும்."

"பாக்காமலே வருவான். நீங்க விட்ருவீங்கன்னு."

"தெரியும்னு சொல்றேன்ல!"

பதிமூன்றாவது ரேஸ். டேரில் கிளம்பும் கேட்டில் நின்று, பூட்ஸால் மண்ணைக் கிண்டிச் சக்கரத்துக்குப் பிடிமானம் செய்துகொண்டான். இரண்டு கேட் தள்ளி லக்லனும் அதையே செய்துகொண்டிருந்தான். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நாடா எழும்பியது. எரிபொருள் மெத்தனாலின் வாசனையும் செங்கல் நிற மண்ணும் முகத்தில் அடிக்க, டேரில் முதலில் வளைவுக்குள் இறங்கினான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில், அதே வளைவில், அதே காதுக்குப் பின்னால் அந்த மூச்சு.

இம்முறையும் கை தானாக உள்ளே இழுக்கப் போனது. அவன் இழுக்க விடவில்லை. பைக்கை அதன் போக்கில் வலப்புறம் வேலிவரை ஓட விட்டான். விதிப்படி அது அவன் பாதை. முன்னால் போகிறவன் தனக்கு வேண்டிய பாதையில் போகலாம்.

லக்லனுக்கு விலக நேரமில்லை. அவன் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையில்லாத இடம் என்று ஒரு சீசனாகப் பழகியிருந்தான். காற்றடைத்த வேலியை அவன் பைக் முட்டி மேலே எழும்பியது; அவன் அதைவிட மேலே போய், முழங்கை முதலில் கீழே வந்தான்.

சிவப்பு விளக்குகள் எரிந்தன. டேரில் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடினான். ஆம்புலன்ஸ்காரர்கள் லக்லனின் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கை, கை மாதிரி இல்லை.

"கேட்டுச்சுல்ல?" என்றான் லக்லன். வெளுத்த உதட்டில் மண் ஒட்டியிருந்தது. "என் சத்தம் கேட்டுச்சுல்ல உனக்கு?"

அவர்கள் கழற்றிய ஹெல்மெட்டை டேரில் கையில் வாங்கிக்கொண்டான்.

நடுவர் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: பின்னால் வந்தவன் தவறு, லக்லன் நீக்கம். மீதி மூன்று பேர் மட்டும் மறுபடி ஓடிய ரேஸில் டேரில் எளிதாக வென்றான். அந்தச் சீசனில் முதல் முறையாக வெக்ஸ்பி எழுந்து நின்றது. மோரின் வேலி மேல் ஏறிக்கொண்டு, "நம்மாளுடா! நம்மாளு!" என்று ஹார்னை அடித்துத் தள்ளினாள். ஆட்கின் வந்து தோளில் தட்டினார், தகடு இருக்கும் இடத்தில் பார்த்துத் தட்டினார். "போலந்துப் பையன் அவன் ஊர்லயே இருக்கட்டும்."

வீடு திரும்பும்போது ராய்ஸ்டன்தான் வேனை ஓட்டினான். ஹார்க்ஸ்டோ கால்வாய்ப் பாலம் வந்தபோதுதான், "அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க," என்றான்.

வெள்ளிக்கிழமை ஹார்க்ஸ்டோவில் வாசலில் டிக்கெட் கிழிப்பவர், பள்ளியில் டேரிலோடு படித்தவர், அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டைத் திறந்தார். லக்லனுக்கு இந்த வருஷம் முடிந்துவிட்டது. ஹார்க்ஸ்டோவின் கோப்பைக் கனவும் அவனோடு முடிந்துவிட்டது. ஸ்டாண்டில் யாரோ அட்டையில் 'வெக்ஸ்பி நாய்' என்று எழுதிப் பிடித்திருந்தார்கள். எழுத்து நேர்த்தியாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து எழுதியது.

லக்லனுக்குப் பதிலாக அன்று ஒருநாள் மட்டும் ஓட்ட வேறு கிளப்பிலிருந்து ஒரு டென்மார்க்காரன் வந்திருந்தான். பெயர் யெப்பெ. இதற்கு முன் டேரிலோடு பேசியதே இல்லை. ரேஸுக்கு முன் டேரில்தான் கேட்டான்.

"உள்ளயா, வெளியயா?"

யெப்பெ கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, "எங்கயாவது," என்றான்.

டேரில் முன்னால் போனான். யெப்பெ நல்ல வேகத்தில் பின்னால் வந்துகொண்டிருந்தான். கடைசிச் சுற்றின் இரண்டாவது வளைவில் டேரில் பைக்கை உள்ளே பிடித்து, வேலியோரம் ஒரு பைக் அகலம் விட்டான். யாரும் வரவில்லை. நேர்ப்பாதையில் திரும்பிப் பார்த்தான். யெப்பெ வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, எதிரணி இருவரையும் முன்னால் போக விட்டு, கடைசியாக வந்துகொண்டிருந்தான்.

டேரில் வென்றான். ஸ்டாண்டில் ஒரு கைகூடத் தட்டவில்லை.

பிட்ஸில் யெப்பெயின் பைக்கருகே போனான். "எடம் விட்டேனே. பாக்கலியா?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன? ரெண்டு பேரும் முன்னால வந்திருக்கலாம்."

"திங்கக்கிழமை வீடியோவையும் பாத்தேன்," என்றான் யெப்பெ. "டென்மார்க்ல எல்லாரும் பாத்துட்டாங்க. ஸ்வீடன்லயும்." மெத்தனால் கேனை எடுப்பதற்காக டேரிலைக் கையால் நகர்த்தினான். "இனிமே நீ எவ்வளவு எடம் வேணும்னாலும் விடு. எவனும் உள்ள வரமாட்டான்."