ரோஸ்விதாவின் நத்தைக் கூட்டம்

ஆற்றங்கரை ஊரான டூர்ன்ஸ்டைன் துறையில் சுற்றுலாக் கப்பல் வந்து நின்றதும் பயணிகளை மூன்றாகப் பிரிப்பார்கள். காலில் தெம்புள்ளவர்கள் கோட்டை ஏறுவார்கள். நடுத்தரமானவர்கள் மடத்துக்குப் போவார்கள். முட்டி வலிக்காரர்கள் ரோஸ்விதாவிடம் வருவார்கள். "நத்தைக் கூட்டம்" என்று மற்ற வழிகாட்டிகள் கேலி செய்வதை அவள் கண்டுகொள்வதில்லை. முப்பத்தோரு வருடம் முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கை மாற்றிவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். எந்தப் படிக்குக் கைப்பிடி உண்டு, எந்தக் கடையில் முகம் சுளிக்காமல் கழிப்பறையைத் திறந்துவிடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த ஜூலைக் காலையில் அவளிடம் வந்தவர்கள் பன்னிரண்டு பேர். தேவாலய வாசலில் எண்ணினால் பதினொன்று. எதிரே ஐஸ்கிரீம் கடை முன்னால் லோதார் என்ற கிழவர் இரண்டு கூம்புகளோடு விழித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி இல்ஸேயைக் காணோம்.

"கையப் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன். காசு எடுக்க விட்டேன், அவ்ளோதான். அவளுக்கு ஞாபகம் நிக்காதுங்க. சொன்னா கப்பல்ல ஏத்த மாட்டாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல."

"அவங்க நடையப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். நான் பேசுறது கேக்கக் குடுத்த கருவிய காதுல மாட்டியிருந்தாங்களா?"

"ஆமா."

கீழே தடுப்பில்லாத ஆற்றங்கரை. ரோஸ்விதா முதலில் கடைக்காரப் பெண்ணை அங்கே ஓடச் சொன்னாள். பிறகு கழுத்தில் தொங்கிய மைக்கைப் பிடித்தாள். அவள் பேசுவது நூறு மீட்டர்வரை எல்லோர் காதிலும் விழும், தள்ளிப் போகப் போகக் கரகரக்கும், பதில் வராது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுப் பயனில்லை. பேர் சொல்லிக் கத்தினால் மிரண்டு இன்னும் தள்ளிப் போய்விடுவார்.

"இல்ஸேம்மா, சமையக்கட்டுல வேல கெடக்கு. என் குரல் கரகரன்னா திரும்பி நடங்க. தெளிவாக் கேட்டா அப்படியே வாங்க. ஆப்ரிகாட் கொழுக்கட்ட செய்யப்போறோம். உருளைக்கிழங்க வேக வெச்சு மசிச்சு, மாவு போட்டுப் பெசையணும். கையில ஒட்டக் கூடாது. பழத்தக் கீறிக் கொட்டைய எடுக்கணும். மாவுக்குள்ள வெச்சு மூடி, கொதிக்கிற தண்ணியில போடணும்..."

"எனக்குப் பசிக்குதும்மா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"மைக்கு திறந்திருக்கு. வாய மூடுங்க" என்றாள் ரோஸ்விதா.

கொழுக்கட்டை வெந்து மேலே வந்ததும் மறுபடி கிழங்கிலிருந்து தொடங்கினாள். குரல் மாறவில்லை, கண் மட்டும் ஆற்றோரமே இருந்தது. கடைக்காரப் பெண் ஆற்றோரம் நின்றபடி, இல்லை என்று கையாட்டினாள். கப்பல் கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. லோதாரின் மணிக்கட்டில் ஐஸ்கிரீம் ஒழுகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது முறை பழத்தை மாவுக்குள் வைத்து மூடும்போது, திராட்சைத் தோட்டத்துச் சந்திலிருந்து இல்ஸே வந்தார். செருப்பெல்லாம் புழுதி. இரண்டு உள்ளங்கைகளும் இல்லாத மாவை உருட்டிக்கொண்டிருந்தன. கணவரைத் தாண்டி நேரே ரோஸ்விதாவிடம் வந்து நின்றார்.

"கொட்டைய எடுத்த எடத்துல சர்க்கரக் கட்டி வெக்க வேணாமா? மூணு தடவ சொன்ன, மூணு தடவயும் விட்டுட்ட. யாரு திம்பா அந்தப் புளிப்ப?"

"பதட்டத்துல மறந்துட்டேம்மா."

ரோஸ்விதா அவர் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். துறை வரும்வரை விடவில்லை. கப்பலேறும் பலகையில் வைத்து லோதாரிடம், "அடுத்த ஊர்ல எறங்குனதும் வழிகாட்டிகிட்ட மொதல்ல இதச் சொல்லுங்க. ரெண்டு பேரு பாக்க வேண்டிய ஆள நீங்க ஒருத்தரே பாக்குறீங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். இல்ஸே திரும்பிப் பார்த்தார்.

"எழுதி வெச்சுக்க, பொண்ணே. சர்க்கரக் கட்டி."