அலுமாரிக்குள் ஒரு கிண்ணம்

இன்று மதியம் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு தேநீர்க் கடையில் ஒரு வெள்ளைக்காரர் எனக்குப் பிளேன்டீ வாங்கித் தந்தார்!

அப்போதே சந்தேகம் வந்தது. பக்கத்தில் சிவபாலன்.

(தெரியாதவர்களுக்கு: எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தை உடைத்த இருவரில் ஒருவர். மற்றவர் நானல்ல என்றுதான் இன்றும் சொல்கிறேன்.)

கழகம் உடைந்த நாளிலிருந்து எங்கள் போட்டியின் வெற்றிக் கோப்பையான யோகன் நினைவுக் கிண்ணம் சார்செலில் என் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. யோகன் எங்கள் கோல்கீப்பர். என் நண்பன். இறந்தவனின் பெயரை எடுத்துவிட்டு காசு தந்த ஓர் உணவகத்தின் பெயரைப் போடப் பார்த்தார்கள், சிவபாலன் பக்கத்தார். நான் கொடுக்கவில்லை.

“அண்ணை, இவர் மிஷேல். என்னோடை ரெஸ்ரோறன்ற் குசினியிலை வேலை. பதின்மூண்டு பேர் விளையாடுற ரக்பிக்காரர்.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

மிஷேல் பிரெஞ்சில் தொடங்கிவிட்டார். அந்த ரக்பிக்கு நாடு முழுவதற்கும் ஒரு கிண்ணம் உண்டாம். தோற்றால் வெளியே. கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயப் பிரபு; அவர் பெயரையே அதற்கு வைத்தார்களாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரெஞ்சு அரசாங்கம் அந்த விளையாட்டையே தடைசெய்து, சொத்தையும் பறித்ததாம். போர் முடிந்தும் ‘ரக்பி’ என்ற சொல்லைப் பல காலம் திருப்பிக் கொடுக்கவில்லையாம். அந்தச் சொல் பதினைந்து பேர் ஆடுபவர்களுக்கு மட்டுமாம்!

எனக்குப் பிடித்துப்போனது. (பறிகொடுத்தவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.)

பிடித்ததால் சந்தேகம் கூடியது.

“உவருக்குச் சொல்லிக்குடுத்தோ கூட்டிக்கொண்டு வந்தனி?”

“சத்தியமா இல்லை அண்ணை! இந்தாள் மெத்ரோவிலையும் இதைத்தான் கதைக்கும்.”

பிரபுவின் பெயரை எப்போது மாற்றினீர்கள் என்று மிஷேலிடம் கேட்டேன்.

“மாற்றவில்லை. எங்களிடம் எல்லாவற்றையும் எடுத்தார்கள். கிண்ணத்துக்கு இன்னும் அவர் பெயர்தான்.”

“யார் பாதுகாத்தது?”

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“பாதுகாப்பதா? விளையாடினோம். விளையாடும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லத்தானே வேண்டும்?”

பிளேன்டீ ஆறிவிட்டது.

அலுமாரியைத் திறக்கும்போது நான்கூட யோகனின் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை.

“வாற ஞாயிறு கார்ஜ் மைதானத்திலை மச், அண்ணை. கிண்ணம் இல்லாமல்...” சிவபாலன் இழுத்தார்.

“பேர்?”

“யோகன்ரை பேர்தான்.”

“மைக்கிலை சொல்லுவியளோ?”

“ஓம். நீங்களே சொல்லுங்கோவன்.”



ஆகவே, ஞாயிறு வருகிறேன். கிண்ணத்தை நானே தூக்கி வருவேன். பஸ்ஸில்கூடச் சிவபாலன் கையில் கொடுக்க மாட்டேன். வென்ற அணி வாங்கும்வரை என் கண் அதன் மேல்தான் இருக்கும்.

இரண்டு பக்கத்து ஊர்க்காரரும் வாருங்கள். யோகன் பெயரைச் சொல்லும்போது எல்லோரும் கேட்க வேண்டும்.

எனக்குச் சாட்சி வேண்டும்!