செருப்பைக் கழற்றிப் பார்த்த பள்ளத்தாக்கு

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிக்கு லீவு விட்டதும், வெடிமருந்து ரூமில் வேலை செய்யும் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் வேன் பிடித்து ஆந்திராவின் கண்டிக்கோட்டைக்குப் போனோம். செம்பாறை இரண்டாகப் பிளந்து நிற்க, அடியில் ஆறு ஓடும் இடம் அது. செல்போனில் பார்த்த நாளிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அங்கன பாருங்கடி! எம்புட்டு ஆழம்!" என்று கத்திக்கொண்டே ஓடினோம். பாறை மேல் செம்மண் பொடியாகப் படிந்து கிடந்தது. முன்னால் போன, எங்களில் மூத்த அக்கா அதைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நாங்களும் கழற்றினோம். மருந்து சிந்திய தரையில் செருப்பு உரசினால் தீப்பிடிக்கும் என்று தினமும் வாசலிலேயே விட்டுப் பழகிய கால்கள்.

விளிம்பில் நின்று ஆசைதீரக் கூவிவிட்டுத் திரும்பினால், எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு குவியல்! முன்பின் தெரியாத குடும்பங்கள் சுடுபாறையில் வெறுங்காலோடு துள்ளியபடி பள்ளத்தாக்கைக் கும்பிட்டுக்கொண்டிருந்தன.

"இங்க என்ன சாமிங்க?" என்று சேலத்துக்காரர் ஒருவர் கேட்டார்.

எங்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒத்த வெடி வைக்காம இந்த ஆறு இம்புட்டுப் பெரிய பாறையப் பொளந்திருக்கு. சாமிதான், கும்பிடுங்க" என்றார்.