தாய்க்குலமே என்றதும் எழுந்து போனவர்கள்

இந்த வாரம் எனக்குக் கோபம். சிரிக்கலாம் என்று பக்கத்தைப் புரட்டி வந்தவர்கள் மன்னிக்கவும்... கொஞ்சம் சிரிப்பும் வரும், ஆனால் அது என் தப்பில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போர்ட் பிளேர் தியேட்டரில் ஹிந்திச் சண்டைப் படம். லேடீஸ் பக்கம் நானும் பக்கத்து குவார்ட்டர்ஸ் புஷ்பமும். ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரரும், புஷ்பத்தின் கணவர் வேலாயுதமும். இடைவேளை முடிந்து விளக்கை அணைத்தார்கள். சண்டை தொடரும் என்று பார்த்தால் — தமிழில் ஒரு ட்ரெய்லர்!

தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு பெண் அழுகிறாள். விளக்கேற்றிவிட்டு அழுகிறாள். மாமியார் காலில் விழுந்து அழுகிறாள். பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல்: "தாய்க்குலமே! பொறுமையின் சிகரங்களே! இது உங்களுக்காகவே எடுக்கப்பட்ட காவியம்! கைக்குட்டையோடு வாருங்கள்!"

"தாய்க்குலமே" என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். ஆண்கள் பக்கம் நாற்காலிகள் படபடவென்று மடங்கின. அப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள், மறுபடியும் எழுந்து பீடி பிடிக்கப் போனார்கள். அத்தனை பேரும்! என் வீட்டுக்காரர் உட்பட. ட்ரெய்லர் முடிந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள்.

இது இங்கே வழக்கம். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. லேடீஸ் படமா? ஆண் வெளியே போய்விட வேண்டும். உள்ளே உட்கார்ந்திருந்தால் மீசை உதிர்ந்துவிடும் போலிருக்கிறது.

நான் சிரித்தேன். புஷ்பம் சிரிக்கவில்லை. இருட்டில் என் கையைப் பிடித்து, "போயிட்டாருக்கா..." என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. மதுரையில் இருக்கும் அவள் தங்கை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கதை முழுவதையும் கடிதமாக எழுதியிருந்தாள். போன கப்பலில் வந்த கடிதம். படம் மாமியார் கதையே இல்லையாம்! நன்றாகப் படிக்கிற மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, அக்கா மகனுக்குக் கட்டிக்கொடுக்கிறார் ஒரு அப்பா. அந்தப் பையன் எதற்கும் லாயக்கில்லாதவன். ஒரு வருடத்தில் பெண் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, "படிக்கிறேன்னு கெஞ்சினேனே, ஏம்ப்பா காதுல வாங்கல?" என்று கேட்கிறாள். அதுதான் படம்.

புஷ்பத்தின் மூத்த பெண் மல்லிகாவுக்குப் பதினைந்து வயது. ஒன்பதாவது படிக்கிறாள். பரமக்குடியில் இருக்கும் வேலாயுதத்தின் அக்கா, மகனுக்குப் பெண் கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம். இவரும் சரி என்றுவிட்டார். அடுத்த கப்பலில் அப்பாவுக்கும் மகளுக்கும் பர்த் போட்டாகிவிட்டது. அந்தப் பெண் நான்கு நாளாகச் சாப்பாட்டுத் தட்டில் கை அளைந்துகொண்டிருந்தாள்.

"நீ சொல்ல வேண்டியதுதானே?" என்று புஷ்பத்தைக் கேட்டேன்.

"அவங்க அக்கா விஷயத்துல நான் வாய் திறந்ததே இல்லக்கா. படத்தைப் பார்த்தாவது மனசு மாறும்னு நெனச்சேன். அதுவும் லேடீஸ் படமாப் போச்சு."

எனக்கு எரிந்தது. இப்போதும் எரிகிறது. படத்தில் தப்புச் செய்தவன் அப்பன். புத்தி வர வேண்டியவன் அப்பன். ட்ரெய்லரில் அவன் முகத்தைக் கால் நிமிஷம் காட்டினார்களா? இல்லை! பட்டவளைக் காட்டி, பட்டவர்களையே அழக் கூப்பிடுகிறார்கள். ஏனய்யா, எங்களுக்கு வீட்டில் அழுகைக்கா பஞ்சம்? கைக்குட்டையை வேறு நாங்களே கொண்டுவர வேண்டுமாம்!

வேலாயுதம் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபீனிக்ஸ் பே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். குடி கிடையாது. அவரை நேரில் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

"நல்ல படமாம். வந்ததும் போய்ப் பாருங்களேன்."

"அரே, அது பொம்பளைங்க படம்ங்க. அங்க போய் நான் உக்காந்தா ஒர்க்‌ஷாப்ல ஒரு பய மதிப்பானா?"

நேரே தியேட்டர் மேனேஜரிடம் போனேன். மெயின்லேண்ட் வாசகர்களுக்கு ஒரு விஷயம்: இங்கே தமிழ்ப் படப் பெட்டி கப்பலில் வரும், அதே கப்பலில் திரும்பிப் போய்விடும். கப்பல் நிற்கிற நாலைந்து நாள்தான் படம். ஞாயிறு பகல் ஆட்டம் லேடீஸ் ஒன்லி என்று மேனேஜர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

"ஆண்களுக்கு ஒரு ஆட்டம் போடுங்க சார்."

"மேடம், லேடீஸ் பிக்சருக்கு மர்த் லோக் வரமாட்டாங்க, ஒரு ஆம்பளைகூட. காலி நாற்காலிக்கா படம் ஓட்டறது?"

"வருவாங்க. திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷோ குடுங்க. உங்க விளம்பர ஜீப்ல ஒரே ஒரு வரி சொல்லச் சொல்லுங்க. ஆண்களுக்கு மட்டும்! அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மேஜையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் லம்பா லைனில் ஆரம்பித்து எங்கள் பத்துபஸ்தி வரைக்கும் ஜீப் சுற்றியது. "ஆண்களுக்கு மட்டும்! ஸிர்ஃப் மர்தோன் கே லியே! பெண்களுக்கு அனுமதி இல்லை!" அவ்வளவுதான். சாயங்காலம் தியேட்டரில் நிற்க இடமில்லை. தமிழில் ஓர் எழுத்துத் தெரியாதவர்கள்கூட வேலையிலிருந்து அப்படியே வந்து வரிசையில் நின்றார்களாம். எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்று நான் எழுத வேண்டுமா? என் வீட்டுக்காரர் "ஆபீஸ்ல ஒரு மீட்டிங்" என்று சொல்லிவிட்டுத் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போனார்.

விளக்கேற்றும் பெண்ணைப் பார்த்ததும் பாதிப் பேர் கூச்சல் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்களாம். மீட்டிங் சீக்கிரம் முடிந்தது என்று என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். வேலாயுதம் வரவில்லை. கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார்!

நான் புஷ்பத்தின் அடுக்களையில் காத்திருந்தேன். மல்லிகா கூடத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம். வேலாயுதம் வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். புஷ்பம் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அழுதுட்டேன் புஷ்பம்" என்றார். "என்னால தாங்க முடியல. பாவம்..."

"யாரு, அந்தப் பொண்ணா?"

"இல்லடி. அந்த அப்பன்! பொண்ணுக்கு நல்லதுன்னு நெனச்சுதானே செஞ்சான்? கடைசில எல்லாரும் அவனைக் கூண்டுல நிறுத்துறாங்க. அவன் பொண்டாட்டிக்கு என்ன வந்துச்சு? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? வாயில என்ன கொழுக்கட்டையா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று மணி நேரப் படம். அதில் இந்த மனுஷனுக்குத் தெரிந்தது அப்பனின் கஷ்டமும் பெண்டாட்டியின் தப்பும்! நான் வாயைத் திறப்பதற்குள் புஷ்பம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொல்றேங்க. மல்லிகா கப்பல் ஏற மாட்டா."

"என்னது?"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு கேட்டீங்கள்ல? சொல்லிட்டேன். அவ படிக்கணும். உங்க அக்கா பையன் மூணு வேலைய விட்டுட்டு ஊர் சுத்துறான்னு என் தங்கச்சி எழுதியிருக்கா. நாளைக்கு நம்ம பொண்ணு வந்து உங்களைக் கேக்கறப்ப, என் வாயில கொழுக்கட்டை இருந்துச்சுன்னு நீங்க சொல்லக் கூடாது."

வேலாயுதம் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பாயில் உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் கேட்டார். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று கத்தினார். புஷ்பம் நகரவில்லை. பதினேழு வருடத்தில் இதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள். நின்றது எப்படி என்று அவளுக்கே தெரியாதாம்.

(இதையெல்லாம் அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரையும் போடுங்கக்கா" என்றாள்.)

இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. வியாழக்கிழமை கப்பல் போனது, படப்பெட்டியோடு. வேலாயுதமும் போனார், அக்காவிடம் நேரில் சொல்ல. தனியாக! மல்லிகா அன்று பள்ளிக்கூடம் போனாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இன்னும் என்ன கோபம் என்பீர்கள். கோபம் போகவில்லை. பார்க்க வேண்டியவனைப் படத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கவே இத்தனை பொய் தேவைப்பட்டது. உட்கார்ந்த பிறகும், சொல்ல வேண்டியதைக் கடைசியில் புஷ்பம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நேற்று வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அதே ஜீப் வந்தது. அடுத்த படமாம். "தாய்க்குலமே! பொறுமையின் சிகரங்களே!" என்று ஆரம்பித்தார் மைக் பிடித்தவர்.

வாளியோடு நடு ரோட்டுக்குப் போய் நின்று கத்தினேன்: "அண்ணே, இங்க எல்லாரும் அழுதாச்சு. வண்டியை அந்த டீக்கடைப் பக்கம் திருப்புங்க!"