நாற்பத்தோராவது தாள்

என் அக்காவை வார்டில் எல்லோரும் 'கடிகாரம்' என்பார்கள். பத்தொன்பது வருட நர்ஸ் வேலையில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. நாற்பத்து மூன்று வயதில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இருக்கிற வேலை போதாதென்று இது வேறா? ஆய்வேட்டுக்கு எடுத்த பொருள், நர்ஸ்களின் மனநலம். ஊரார் மனதை அளக்கக் கிளம்பிவிட்டாயே என்று கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

நாற்பது பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்தாள். பெயர் எழுதக் கூடாது. டிக் அடித்து, உடை மாற்றும் அறையில் இருந்த பெட்டியில் போட வேண்டும். பெட்டி நிரம்பியதும் அதைத் தன் பையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். கணினியில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. மூன்று முறை எண்ணியும் அதேதான்.

அதில் ஒரு தாளில், 'வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றியதுண்டா?' என்ற கேள்விக்கு நேரே, 'தினமும்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. மற்ற யாரும் அந்தக் கட்டத்தைத் தொடவே இல்லை.

"யாருடி இவ?" அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "எங்ககூடவே நின்னு சிரிச்சுப் பேசிட்டு இருக்காளே!"

மறுநாளிலிருந்து வார்டில் முகம் முகமாகத் தேடினாள். சிரிக்கிறவளைப் பார்த்தாலும் இவளோ என்று தோன்றியதாம், சிரிக்காதவளைப் பார்த்தாலும் அப்படியேதானாம். உதவி வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினாள். ஒருத்தியும் வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பவள் திடீரென்று வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பட்டப்பகலில், அந்தத் தாள் இருந்த அறைக்குள் தனியாகப் போக எனக்குப் பயமாக இருந்தது.

வழிகாட்டிப் பேராசிரியர் போனில் சுலபமாகச் சொல்லிவிட்டார்: "கூடுதலா வந்தத எடுத்துடுங்கம்மா. வெள்ளிக்கிழமை ஆய்வேடு வந்தாகணும்."

"அவ உயிரோட இருக்காளான்னே தெரியாம எப்படி சார் குடுக்கறது?" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை மத்தியானம் தாள்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன். நாற்பதிலும் ஆய்வுக்கு அனுமதி தந்த குழுவின் நீல முத்திரை இருந்தது. இதில் மட்டும் இல்லை.

"அக்கா, முத்திரை வாங்கறதுக்கு முன்னாடியே யாருக்காவது குடுத்தியா?"

"அனுமதி இல்லாம குடுப்பேனா? ஒண்ணே ஒண்ணுதான் பிரிண்ட் எடுத்தேன். எழுதி முடிக்க எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பாக்க நானே..."

தாளை வாங்கி, யாரோ முன்பின் தெரியாதவள் எழுதியதைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே பார்த்தாள்.

"பையிலயே கெடந்திருக்கு போல. நேரம் பாக்கத்தாண்டி எழுதினேன். யோசிக்கவே இல்ல, கை போன போக்குல அடிச்சேன்."

இப்படிப் பதில் சொல்கிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவளே ஆய்வேட்டின் கடைசியில் எழுதி வைத்திருந்தாள். வேறெதுவும் தோன்றாமல் அந்தப் பக்கத்தைப் புரட்டி முதல் கேள்வியைப் படித்தேன்.

"இப்போது நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?"

"ஆமா," என்றாள் அக்கா, என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டே.

அதற்கு மேல் நான் படிக்கவில்லை. ஒரு கையால் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மனநல மருத்துவருக்குப் போன் போட்டேன்.