காசு கொடுத்துக் கேட்ட யோசனை

அவரை எல்லோரும் 'ஒரு சுத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. எந்தக் குழாயை முடுக்கினாலும் கடைசியில் "இன்னும் ஒரு சுத்து" என்பார், அது ஒட்டிக்கொண்டது. அவரைவிட நல்ல பிளம்பர் இருக்கலாம், அவரைவிடப் பிடிவாதக்காரர் கிடையாது.

இனாமாய்ச் சொல்கிற யோசனை செல்லாது என்பது அவர் கொள்கை. யாராவது போனில், "அண்ணே, நீங்க வர வேண்டாம், எப்படின்னு மட்டும் சொல்லுங்க, நாங்களே பண்ணிக்கிறோம்" என்றால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "வந்து பார்த்தாத்தான் தெரியும். பார்க்கக் காசு உண்டு" என்று வைத்துவிடுவார். நியாயம்தான். ஆனால் தான் காசு கொடுக்க வேண்டிய இடம் வந்தால் அந்த நியாயம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ!

அந்த இடமும் வந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் சொந்த வீடு, அதில்தான் குடித்தனம். மனைவிக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. காய் வாங்கிவிட்டு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறாள். இனிப் படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே கடைத்தெருவுக்குப் பின்னால் வாங்கிப் போட்டிருந்த சின்ன வீட்டை விற்று, தரைத்தளத்தில் ஒன்று வாங்குவதென்று ஒரு சுத்து முடிவெடுத்தார். அங்கே வாடகைக்கு இருந்தவர்களும் அப்போதுதான் காலி செய்திருந்தார்கள். அதை அவர் 'வீடு' என்று சொன்னதே இல்லை. 'முதலீடு' என்பார். "முதலீட்டுல சிங்க் அடைச்சிருக்காம், போயிட்டு வரேன்" என்று பெருமையாகப் படியிறங்குவார்.

விற்றால் எவ்வளவு வரி போகும், எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் தெரியவில்லை. மச்சான் ஒன்று சொன்னார், ஹார்டுவேர் கடைக்காரர் வேறொன்று சொன்னார்.

"ஆடிட்டரைக் கேட்டுடலாமே" என்றாள் மனைவி.

"ஃபீஸ் கேட்பாங்க. பேச்சுக்குக் காசா?"

"நீங்க பார்க்கிறதுக்கே காசு வாங்கறவர்."

இதற்குப் பதிலாக அவர் சத்தம் போட்டார். மறுநாள் ரகசியமாக ஆடிட்டருக்கு போன் செய்து, "சும்மா ஒரு வார்த்தை..." என்று இழுத்தார். "நேர்ல வாங்க சார், பேப்பரைப் பார்த்தாத்தான் தெரியும். ஃபீஸ் உண்டு" என்றது ஒரு பெண்குரல். தன் வசனத்தைத் தன் காதாலேயே கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். கடைசியில் மனைவியே தன் கைக்காசைக் கட்டிவிட்டு வந்தாள்.

"கட்டியாச்சு. வீணாக்கப் போறீங்களா?"

கட்டிய காசை வீணாக்க அவர் உடம்பு இடம் கொடுக்குமா? கிளம்பினார்கள்.

ஆடிட்டர் சின்ன வயதுப் பெண். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, விற்றால் வரி போக மிஞ்சுவதைச் சொன்னாள். தரைத்தள வீடு வாங்க அது போதாது. ஒரு சுத்துவின் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்ததை அவரால் பார்க்க முடியவில்லை.

"எதுக்கு சார் விக்கிறீங்க?"

காரணத்தைச் சொன்னார். அவள் மறுபடி பத்திரத்தைப் பார்த்தாள்.

"இந்த வீடு எந்த மாடியில இருக்கு?"

"மாடியா? தரையிலதான்."

"காலியாத்தானே இருக்கு? நீங்க அங்க குடிபோயிட்டு, மூணாம் மாடியை வாடகைக்கு விடுங்களேன். விக்கவே வேண்டாமே."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார் மனிதர். முதலீட்டுக்குள் கட்டில் போட்டுப் படுக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வெளியே படிக்கட்டுக்கு வந்ததும், "என்ன மூளை பார்த்தியா! கொடுத்த காசு தகும்" என்றார்.

மனைவி கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். "இதையேதான் நான் மூணு தடவை சொன்னேன்."

"எப்போ?"

"நீங்க 'உம்'ன்னுட்டு டிவி பார்த்தப்போ. இனாமாச் சொன்னா உங்ககிட்டச் செல்லாதே. அதான் காசு கட்டிச் சொல்ல வெச்சேன்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். பெண்டாட்டி சொல் மூன்றாம் மாடிகூட ஏறவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை நாளும் இந்தக் காலோடு இவளை ஏறவிட்டோமே என்று வலித்தது. முன்னால் போயிருந்தவர் திரும்பி இரண்டு படி ஏறி வந்தார்.

"என் தோளைப் பிடிச்சுக்கோ."

"காசு உண்டா?" என்றாள், பிடித்துக்கொண்டே.